ஐந்து மணி வண்டு

விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டு வந்தது. இது மூன்றாவது நாள்.

ஜெயகௌரி போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரே சுருதியில் ஓர் இரைச்சல். புல்வெளிக்கு மேலே போகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது. சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வன்னியில் போர்க்காலத்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சத்தத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆளில்லாத வேவு விமானத்துக்கு அங்கே வண்டு என்றுதான் பெயர். முதலில் வண்டு வந்து இடம் பார்க்கும். பிறகு குண்டு போட கிபிர் விமானம் வரும்.

கணவன் பாக்கியராசாவை உலுக்கினாள்.

"கேக்குதோ, அப்பா?"

"ஆரேன் விளையாட்டுக்கு விடுறாங்கள். படும்."

இன்டர்லாக்கன் ஹோட்டலில் நாள் முழுக்கச் சட்டிபானையோடு மல்லுக்கட்டுகிறவன். தலைமாட்டில் கிபிரே வந்தாலும் எழும்பமாட்டான்.

ஆறு வயது ரிஷானியைத் தூக்கிக்கொண்டு அவள் நிலவறைக்கு இறங்கினாள். தஞ்சம் புகுந்த இந்த நாட்டில் அடுக்குமாடிகளுக்குக் கீழே குண்டுக்குத் தாங்கும் அறை கட்டிவைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளை வைத்திருந்தார்கள். ஜெயகௌரி அரிசியும் தண்ணீரும் வைத்திருந்தாள்.

எட்டு மணிக்குக் கட்டடம் அதிர்ந்தது. ஊர் எல்லையில் இருக்கும் இராணுவ விமானத்தளத்திலிருந்து போர்விமானங்கள் கிளம்பின. பயிற்சிதான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் முதலில் வண்டு, பிறகு விமானம். அந்த வரிசை மட்டும் மாறவில்லை. 

அன்று மாலை தொலைக்காட்சியில் பாக்கியராசா செய்தி பார்த்தான். எங்கோ ஒரு போரில், மலிவான ட்ரோன்களை லொறியில் ஒளித்து எதிரி நாட்டுக்குள்ளேயே கொண்டுபோய், விமானத்தளத்தில் நின்ற விமானங்களைக் கொளுத்திவிட்டார்களாம்.

"பாத்தீரோ? விளையாட்டுச் சாமான் மாதிரி ஒண்டு, அவ்வளவு பெரிய பிளேனை எரிச்சுப்போட்டுது."

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு ஓலெக் சாம்பல்நிறப் பெட்டியோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தான். உக்ரைனிலிருந்து வந்து இரண்டு மாதம். ஒரு காலை இழுத்து நடப்பான், வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான். அந்தப் பெட்டியோடுதான் இந்த மூன்று நாளும் நாலரைக்கு வெளிக்கிடுகிறான். பக்கத்தில் விமானத்தளம். நெருப்பில்லாமல் புகையுமோ?

பொலிசுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னாள். பாக்கியராசா தொலைக்காட்சியை நிறுத்தினான்.

"அந்தப் பெடியன்ர வதிவிடப் பெர்மிட்டில கை வைக்காதையும். நாங்களும் அகதியாத்தான் வந்தனாங்கள்."

"எனக்கு என்ர பிள்ளைதான் பெரிசு," என்றாள் அவள்.

அன்றிரவே அவள் போன் செய்தாள். பொலிஸ் நன்றி சொன்னது. பெயர் வெளியே வராது என்றும் சொன்னது.

மறுநாள் நாலரைக்கு முற்றத்தில் ஒரு கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. ஓலெக்கையும் பெட்டியையும் ஏற்றினார்கள். அவன் ஒருமுறை மாடிச் சன்னல்களை நிமிர்ந்து பார்த்தான். ஜெயகௌரி திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வண்டு வரவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு, மூன்று நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். ஏழு மணிபோல் புல்வெளியில் டிராக்டர் ஓடத் தொடங்கியது. அது அவளைப் பயமுறுத்தவில்லை.

மாலையில் அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரியான பண்ணைக்காரி திரேசா முட்டை கொண்டுவந்தாள். அழுது கண் சிவந்திருந்தது. ஓலெக்கைப் பொலிஸ் மத்தியானமே விட்டுவிட்டதாம். பறக்கவிட அவனிடம் முறையான அனுமதி இருந்ததாம். ஆனால் மழை வருவதற்குள் புல்லை வெட்டவேண்டும் என்று அவள் புருசன் அவனுக்காகக் காத்திருக்கவில்லையாம்.

ஜெயகௌரி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டாள்.

"உங்கள் புல்லில் அவனுக்கு என்ன வேலை?"

"மான்குட்டி தேடுகிற வேலை," என்றாள் திரேசா. "தாய் அதைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போய்விடும். வெட்டுகிற மெஷின் கிட்டே வந்தாலும் குட்டி ஓடாது, அசையாமல் படுத்திருக்கும். ஓலெக்கின் ட்ரோனில் உடம்புச் சூடு தெரியும். பார்த்து, கையால் தூக்கி ஓரத்தில் விடுவான். தன் நாட்டுப் போரில் இதே சாமானைத்தான் எதிரியின் விமானத்தளங்களுக்கு அனுப்பினானாம். இனி உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இதைத் தொடுவேன் என்று அவனாகவே வந்து கேட்டான். மூன்று நாளில் ஒன்பது குட்டி தூக்கினான்."

"இன்றைக்கு?"

திரேசா முட்டைப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"இன்றைக்கு இரண்டு குட்டி மெஷினுக்குள் போய்விட்டது. தாய் இன்னும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்று கூப்பிடுகிறது."