மரு முளைத்த கை

“கையை ஏண்ணே பின்னால மறைக்கிறீங்க? அதைப் பாக்கத்தான் சாத்தூர்லருந்து வந்திருக்கேன்.”

லாரி ஓட்டுநர் பிச்சைமணி தயங்கியபடி வலது கையை நீட்டினார். விரலெல்லாம் மருக்கள். அவற்றிலுள்ள வைரஸின் புரதம் தோல் செல்களை ஓயவிடாமல் பெருக்கும். அவர் மருவிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து, கட்டுக்குள் கொண்டுவந்துதான் மருத்துவமனையில் புதுத் தோல் வளர்த்தார்கள். மகனோடு எதிரே நிற்கும் செண்பகவல்லியின், பட்டாசு ஆலை விபத்தில் வெந்துபோன கைகளில் இப்போது இருப்பது அந்தத் தோல்.

“ஒட்டிக்கும்னு பயந்து எங்கக்கா பிள்ளைகளைக்கூட நான் தூக்கினதில்லம்மா.”

“அந்த மருவாலதாண்ணே நான் இவனைத் தூக்குறேன்.”

இடுப்பிலிருந்த மகனை அவர் பக்கம் நீட்டினாள்.

“ஒரு தடவை, அந்தக் கையாலேயே இவனை வாங்கிக்கோங்கண்ணே.”