மாதுவின் இடுப்பு

அரைமணி நேரத்தில் மூன்றாவது தடவையாக மாது மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தான். “முடியலடா பெரியண்ணா. இந்த இடுப்பு என்னக் கொல்லுது.”

பெரியண்ணனுக்கு உள்ளுக்குள் இனித்தது. மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தது அவனுக்குத்தான், மாதுவுக்கு அல்ல.

மெதுவாக வேலைக்குப் போகலாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு மாத்தாள் வேலை பற்றி என்ன தெரியும்? இன்று என் காட்டில் நீ, நாளை உன் காட்டில் நான். கூட்டாளி நிற்கும்போது முதலில் உட்காருகிறவனை அடுத்த போகத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் அவன் வீட்டில் டிவி பார்க்கலாம், சாகும்வரை.

மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு வரிசை. பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைக்க நிமிரும்போதெல்லாம் மாதுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரியண்ணனும் பெருந்தன்மையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை அவனைக் கேலி செய்தான்.

“பேட்டரி வெச்சவன் நானு. சார்ஜ் எறங்குனவன் நீயா?”

மாது ஒத்துக்கொண்டு சிரித்தான்.

மாதுவுக்கு வயசாகிவிட்டது என்று அன்று மனைவி கலைமதியிடம் வருத்தத்தோடு சொன்னான் பெரியண்ணன். அந்த வருத்தத்தில் களி ஓர் உருண்டை கூடுதலாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க பாலக்கோடு போகக் கிளம்பினான். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரேதான் பச்சியப்பன் காடு. அங்கே நாலு இளவட்டங்களுக்கு முன்னால் ஒருவன் மண்ணை வாரி வாரி அணைத்துக்கொண்டு போனான். மூன்று வரிசை முடியும்வரை அவன் இடுப்பு நிமிரவே இல்லை.

மாது.

பஸ் வந்தது, போனது. பெரியண்ணன் ஏறவில்லை. சின்னப் பிள்ளையோடு போட்டிக்கு ஓடும் அப்பன் வேண்டுமென்றே தோற்பானே, அப்படித் தோற்றிருக்கிறான். ஊரே கூடிச் சிரித்திருக்கும். இருபத்தாறு வருஷக் கூட்டாளி. நெஞ்சில் கம்பி நுழைத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

விறுவிறுவென்று காட்டுக்குள் இறங்கி எதிரே போய் நின்றான். அவனைப் பார்த்ததும் இடுப்புக்குப் போன மாதுவின் கை, பாதியிலேயே நின்றுவிட்டது.

“இனிமே உனக்கும் எனக்கும் மாத்தாள் கெடையாது. இவன் ஆவமாட்டான்னு நெனச்சா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். எதுக்குடா நடிச்ச?”

மாது பின்னால் திரும்பிப் பார்த்தான். இளவட்டங்கள் தூரத்தில்தான் இருந்தார்கள். இருந்தும் அவர்கள் காதில் விழாதபடி, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான்.

“நான் உக்காராம, நீ என்னிக்குடா உக்காந்திருக்க?”