படம் தெரியாத கட்டம்

முந்நூற்று நாற்பது வீடியோக்கள். ஒன்றிலாவது ஒரு முகம் தெரிய வேண்டுமே? திரை முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் வாயில் நுழையாத எண்கள்.

“போன் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் வேற கம்பெனி. அதுல எடுத்தது இதுக்குப் புரியலைங்க. திறந்தா ஓடும். ஆனா வெளியே சின்னதா படம் காட்டாது” என்றார் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர்.

திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பது அவர் கட்சி.

திறந்து பார்க்காமலா இருந்தேன்? வேறென்ன வேலை எனக்கு?

எட்டு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. மிச்சம் இருப்பது இமைதான். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. எங்கள் குடித்தனமே இப்போது இந்த இரண்டு வார்த்தையில் நடக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா ஓர் எழுத்து அட்டையைத் தந்துவிட்டுப் போனார். நம் மொழிக்கு எழுத்து கொஞ்சமா நஞ்சமா? வரிசை வரிசையாக விரலை வைத்து, இவர் இமை மூடும் இடத்தில் நிறுத்தி, ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாடுபட்டு மூன்று எழுத்து பிடித்தேன்.

வீ. டி. யோ.

அதற்குமேல் இவருக்குத் தெம்பில்லை. மறுநாள் அட்டையை எடுத்ததும் இரண்டு தடவை மூடினார். பிறகு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இவருடைய போன் திரையிலேயே காட்டினால் இவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. அதனால்தான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். மகள் பட்டம் வாங்கியது, பேத்தி தவழ்ந்தது, நாங்கள் கடல் பார்க்கப் போனது. பத்து நிமிடத்தில் களைத்துப்போவார்; கடைசியிலிருந்து பார்த்துவந்ததில் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் எதைக் காட்டினாலும் இல்லை, இல்லை, இல்லை.

என்னதான் கேட்கிறார் இந்த மனிதர்? நாற்பது வருடம் கூடவே குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே! கேட்டது கிடைக்காமலே போய்விடுவாரோ என்ற பயம் வேறு.

எல்லாப் படமும் ஒன்றாகத் தெரிந்தால் இவரே கண்ணால் தேடிக்கொள்வார் இல்லையா?

இதைச் சொன்னதும் ரிப்பேர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதையோ இறக்கிப் போட்டார், எங்கேயோ ஒரு டிக் குறியை எடுத்தார், கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டார்.

சாம்பல் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் படமாயின. மகள். பேத்தி. கடல். நான். அட, மறுபடியும் நான்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கட்டிலைத் திரைப்பக்கம் திருப்பி, கட்டங்களைப் பெரிதாக்கி, அம்புக்குறியைப் படம் படமாக நகர்த்தினேன்.

“இதுவா கண்ணு? இல்லையா? சரி தங்கம், அடுத்ததைப் பாப்போமா?”

நாலாவது வரிசையில் ஒரு கட்டத்தில் மட்டும் படம் இல்லை. வெறும் கறுப்பு. அதைத் தாண்டினேன்.

இவர் கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவே இல்லை.

“அது கெட்டுப்போன ஃபைலுங்க. அழிச்சிரவா?” என்று ரிப்பேர்க்காரர் மவுசுக்குக் கை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அம்புக்குறியைக் கறுப்புக்குத் திரும்பக் கொண்டுபோய், “இதுவா?” என்றேன். கண் திறந்தது. நிதானமாக ஒரு தடவை மூடித் திறந்தது.

ஓடவிட்டேன். படமே இல்லை. துணி உரசுகிற சத்தம். பிறகு என் குரல். அம்மாடி, என்ன குரல்!

“போனை எங்க வச்சீங்க? வீட்டையே புரட்டிப் போட்டாச்சு! தலை கழுத்தோட ஒட்டியிருக்கு, பொழச்சீங்க. இல்லைன்னா அதையும் எங்கேயாவது வச்சிட்டு வந்து என்னைத் தேடச் சொல்லுவீங்க! நிக்கிறதைப் பாரு, கல்லு மாதிரி. இதுல சிரிப்பு வேறயா?”

போன் இவருடைய சட்டைப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தெரியாமல் எதையோ அமுக்கி உள்ளே போட்டிருக்கிறார், அதுபாட்டுக்குப் பதிந்திருக்கிறது. பின்னால் எப்போதோ கண்டுபிடித்தும் அழிக்கவில்லை. என்னிடம் மூச்சும் விடவில்லை.

பதினோரு நிமிடம் திட்டியிருக்கிறேன். ரிப்பேர்க்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நான் இவரைப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் நூலளவு மேலே ஏறியிருந்தது.

சிரிக்கிறார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் படுத்த நாளிலிருந்து நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணு, தங்கம், ராஜா என்று கொஞ்சிக் கொஞ்சியே ஸ்பூனால் ஊட்டினேன், துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்க வைத்தேன். இவருடைய பெண்டாட்டி அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட்டாள். பாவி மனிதர் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீடியோவை நிறுத்தினேன். கட்டிலுக்கு எதிரே போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

“ஏங்க, இதுக்கா இத்தனை நாளா என் உயிரை வாங்கினீங்க? உங்களைக் கட்டிக்கிட்டு நான்…”

அதற்குமேல் திட்ட வரவில்லை. குரல் குழைந்து அழுகையாகிவிட்டது.

“போதுமா?” என்று கண்ணைத் துடைத்தேன். இவர் என்னையே பார்த்தார்.

பிறகு கண்ணை மூடினார். இரண்டு தடவை.