நிலுவையில் ஒரு ஃபைல்

பதினோராவது தடவையாக ஃபைல் அவள் மேஜைக்குத் திரும்பி வந்தது.

"ஆறாம் பக்கத்துல 'ஆகவே'க்கு அப்புறம் ஒரு காற்புள்ளி வேணும்மா. போட்டுட்டு மறுபடி அனுப்புங்க" என்றார் பிரிவு அதிகாரி.

ஆபீசில் அவருக்குக் 'காற்புள்ளி' என்றே பட்டப்பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் அவள் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. பட்டம் வாங்கிய கையோடு தேர்வு எழுதி முதலிடம் வாங்கியவள். சேர்ந்ததும் நாலு வாரம் பயிற்சி. மூன்று வாரம் நேர்மையைப் பற்றி, ஒரு வாரம் ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி. முடிவில் 'அஞ்சாமல் செயல்படு' என்று அச்சடித்த காபிக் கோப்பை கொடுத்தார்கள். மறுநாளே கைப்பிடி தனியாகக் கையோடு வந்துவிட்டது.

அவளுக்குக் கிடைத்த முதல் ஃபைல் இது. மூன்று வருடத்தில் பணம் இரட்டிப்பு என்று ஆசை காட்டி டெபாசிட் வாங்கிய ஒரு நிறுவனம். ஏமாந்தவர்களில் ஒரு தையல்கார அம்மா, திங்கட்கிழமை தவறாமல் வந்து நிற்பார்.

"அந்தக் கம்பெனிக்கு லெட்டர் போயிடுச்சாம்மா?"

"இந்த வாரம் போயிடும்மா."

எட்டு மாதமாக இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் கசந்துவிட்டது.

முதலில் பத்தி பெரிசு என்றார் காற்புள்ளி. பிரித்தாள். இப்போது பத்தி சின்னது என்றார். 'நிறுவனம்' என்பதற்கு இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று அகராதி பார்த்து வரச் சொன்னார். பார்த்துச் சொன்னதும், "வேற அகராதியிலயும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார்.

அந்த நிறுவனத்தின் வக்கீல் அவர் அறையில் உட்கார்ந்திருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். டீ வரவழைத்து, சிரித்துப் பேசி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மனுஷன் நல்லா வாங்கியிருக்கார்" என்றாள் அக்கா. "நீயும் வாயை மூடிட்டு இருந்தா உனக்கும் பங்கு இருக்குன்னுதான் நாலு பேர் பேசுவாங்க."

மறுநாள் பெயர் போடாமல் இரண்டு பக்கம் எழுதித் தாழ்வாரத்தில் இருந்த புகார்ப் பெட்டியில் போட்டாள். அந்தப் பெட்டியில் அதுவரை யாரும் எதுவும் போட்டதில்லை போலிருக்கிறது. சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

எதற்கும் அசையாத ஆபீஸ் இதற்கு மூன்றே நாளில் அசைந்தது. காற்புள்ளியைப் பழைய ஃபைல்கள் அடுக்கி வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள்.

போகும்போது அவள் மேஜையருகே ஒரு நிமிஷம் நின்றார்.

"ஒன்பதாம் பக்கத்துல இன்னும் ஒரு சந்தேகம் இருக்கும்மா. அவசரப்படாம பாருங்க."

"சரி சார்" என்றாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

புது அதிகாரி படு சுறுசுறுப்பு. ஃபைலைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டார். கடுமையான கண்டனம், சட்டம் அனுமதிக்கிற அதிகபட்ச அபராதம், அத்தோடு விசாரணை முடிந்தது. அன்று மாலையே கடிதம் தபாலில் போனது. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் தனக்குத்தானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தையல்கார அம்மா கடித நகலோடு வந்தார்.

"'முடித்து வைக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கும்மா. எது முடிஞ்சுது? என் பணம் எப்ப வரும்?"

"அபராதம் அரசாங்கத்துக்குப் போகும்மா" என்றாள், கடிதத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் வக்கீல் வந்தார். கையில் பெரிய பூங்கொத்து.

"என்ன சார், உங்க கட்சிக்காரருக்கு அபராதம் போட்டிருக்கோம். பூவோட வர்றீங்க?"

"அது அப்பவே கட்டியாச்சு மேடம். எங்களுக்கு அது ஒரு நாள் வசூல்." உட்காராமலே பேசினார். "விசாரணை நிலுவையில இருக்கிற வரைக்கும் புது டெபாசிட் ஒரு பைசா வாங்கக் கூடாது. பதினேழாம் பிரிவு. நீங்க பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்களே?"

படித்திருந்தாள். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

"எட்டு மாசமா முப்பது கிளையும் பூட்டு. உங்க பழைய ஆபீசர்கிட்ட எத்தனை தடவை வந்து கெஞ்சியிருப்பேன்! டீ கொடுத்து, இன்னும் ஒரே ஒரு திருத்தம்தான்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிடுவார். வேணும்னே இழுக்கறேன்னு யார்கிட்டயாவது சொல்லியிருந்தா, மறுநாளே கோர்ட்டுக்குப் போயிருப்போம். மனுஷன் மூச்சு விடலை. அடுத்த மாசம் புதுச் சட்டம் வருது, அப்ப நிலுவையில இருக்கிற கேஸ்ல லைசென்ஸையே பிடுங்கலாம். அது வரைக்கும் ஓட்டிடலாம்னு இருந்திருக்கார்."

அவள் கைப்பிடி இல்லாத காபிக் கோப்பையை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"நாளைக்குக் காலையில எல்லாக் கிளையும் திறக்கறோம்" என்ற வக்கீல், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரோ பேர் போடாம அவர் மேல புகார் எழுதினாங்களாமே. அந்தப் புண்ணியவான் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க மேடம். பூ அவருக்காக வாங்கினது."