தும்மலும் ஒரு விவரமே

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மருமகளோ கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலுக்கு முன்பே மாமியாரின் மனம் பொங்கி வழிந்துவிட்டது.

“பால் போகுது பாரு!”

“ஐயோ, பாக்கல அத்தை.” அடுப்பை அணைத்தவள் மீண்டும் கைப்பேசிக்குள் தலையை விட்டாள்.

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் எழுந்தது. “மறுபடியும் நின்னு போச்சு!”

அந்த வீட்டுக் கணினியில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் படம் பார்க்கும் நிரல் அடிக்கடி மயங்கி விழும். விழுந்த மறுகணமே ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும்: ‘நிரல் எதிர்பாராமல் நின்றுவிட்டது. அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நிரலை உருவாக்கியவர்களுக்குத் தகவல் அனுப்பலாமா?’

வேறு யாராக இருந்தாலும் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மாமனார், குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது அவருக்குப் பாவம்.

“ஐயா, வணக்கம்,” என்று வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டினார். “மேற்படி நிரல் நின்றபோது அடியேன் தும்மினேன். அதற்குச் சற்று முன் நாற்காலியையும் இழுத்துப் போட்டேன்.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “தும்மினதை எல்லாமா எழுதுவாங்க?”

“உண்மையை மறைக்கக் கூடாது. அவங்க எவ்வளவு பொறுப்பானவங்க தெரியுமா? இப்ப ஒவ்வொண்ணுக்கும் மெயில்ல பதில் வருது!” அனுப்பிவிட்டார்.

அது மெய்தான். பதிலே வராத நாள்களில், “என் புகாரைக் கிடப்பில போட்டுட்டாங்க,” என்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், இப்போது முகம் மழித்துக்கொண்டுதான் கணினி முன் அமர்கிறார்.

சமையலறையில் கைப்பேசி கிணுகிணுத்தது. கூடவே ஒரு சிரிப்பு.

முகம் தெரியாத எவனோ மதித்துப் பதில் போடுகிறான். கூடவே இருக்கிறவளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை! மாமியார் புயலாக நுழைந்தார்.

“ஏம்மா, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற? அந்தக் கட்டமே வராம பண்ண ஒரு நிமிஷம் போதும்னு என் பிள்ளை சொன்னான். ஏன் பண்ணல?”

“பண்ணலாம் அத்தை. வேண்டாம்னு விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா? அவர் அங்க கண்ணு வலிக்க எழுதறாரு, நீ இங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற! சாயங்காலம் அவன் வரட்டும். இந்த வீட்டுல நான் இருக்கணுமா, இந்தப் போன் இருக்கணுமான்னு கேட்டுடறேன்.”

“இதை மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன் அத்தை…”

“குடு அதை!” பறித்துவிட்டார்.

“ஐயோ, படிக்காதீங்க!”

படித்தார். பாதி தட்டிய நிலையில் இருந்தது: ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் தும்மிய விவரம் கிடைக்கப்பெற்றோம். தங்களைப் போல் நுணுக்கமாக எழுதுவோர் எங்களுக்கு வேறு எவரும் இலர். நாற்காலியை எந்தப் பக்கம் இழுத்தீர்கள் என்பதையும்…’

மாமியார் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

“அங்க ஆயிரக்கணக்குல குவியும் அத்தை. தனித்தனியா யாரும் பதில் போட மாட்டாங்க,” மருமகள் குரலைத் தாழ்த்தினாள். “மாமா சாப்பிடாம உக்காந்திருந்ததைப் பாக்க முடியல. அதான், அவர் அனுப்பறதெல்லாம் எனக்கு வர்ற மாதிரி மாத்திட்டேன்.”

குற்றம் காணும் கண்ணுக்குச் சற்று ஓய்வு கொடுப்பதும் ஓர் அறமே. மாமியார் கைப்பேசியைப் பதமாகத் துடைத்து, மருமகள் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

“ஏங்க, நாற்காலியை எந்தப் பக்கம் இழுத்தீங்கன்னு எழுதலையே?”

மாமனார் பதறிப்போனார். “அட, ஆமா! இன்னொண்ணு அனுப்பிடறேன். வேற ஏதாவது விட்டுட்டேனா?”

“ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துல ஒரு மாமியார் மருமகளை அநியாயமாத் திட்டிட்டா, இப்ப ரொம்ப வருத்தப்படறான்னும் ஒரு வரி சேத்துக்குங்க. சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரும்.”