விளிக்கத் தெரிந்த கிளிகள்

டெக்சாஸ், டப்ளின், லண்டன் என மூன்று ஊர்களில் வளர்ந்த மூன்று கிளிகள் ஒரே கூண்டில் இருந்தன. ஒருநாள் கூண்டுக் கதவின் கொக்கி உடைந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே ஒரு பூனை குதித்தது.

"யால், ஓடி வாங்க! கதவை உள்ளேயிருந்து கவ்விப் பிடிக்கணும். என் ஒருத்தனால் வெகுநேரம் முடியாது!" என்று டெக்சாஸ் கிளி, பலரைச் சேர்த்து அழைக்கும் தன் ஊர் வழக்கில் கத்தியது.

"யாலா? மாடு மேய்க்கிறவன் மாதிரி கூப்பிடாதே," என்றது லண்டன் கிளி. "பலரை அழைக்க 'யூ லாட்' என்பதே முறை."

"அது வாத்தியார் அதட்டுவது. எங்கள் ஊர் வழக்கப்படி 'யூஸ்' என்று கூப்பிடு, வருகிறேன்," என்றது டப்ளின் கிளி.

பூனை மேசைமேல் ஏறியது.

"அட மடையா, வாடா!" என்று அலறியது டெக்சாஸ் கிளி.

"எங்கள் இருவரில் யாரைச் சொன்னாய்?" என்று மற்ற இரண்டும் கேட்டன.

டெக்சாஸ் கிளி தனியாகவே கதவைக் கவ்வி இழுத்து மூடி, அலகை விடாமல் பிடித்துக்கொண்டது. பூனை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. கதவு அசையவில்லை. பிறகு அது வாலைச் சுருட்டி உட்கார்ந்து பணிவாகக் கேட்டது: "பெரியவர்களே, மூவரையும் நான் எப்படி அழைக்கட்டும்?"

பதில் சொல்ல மூன்று அலகுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.