ஐந்தேகாலுக்கு வந்தவள்

லார்னா வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கம்பெனி அவள் ஊரான ஷெபாய்கனிலிருந்து மில்வாக்கி நகரத்துக்கு மாறியது. பத்து நிமிடப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாகிவிட்டது. ஐந்து மணிக்குக் கிளம்பினால் வீடு சேர ஆறேகால் ஆகும்.

மூன்றாம் நாள், "சாரி, இன்னைக்கும் லேட்டாயிடுச்சு" என்றபடி பூட்ஸைக் கழற்றினாள்.

"எங்க லேட்டு? அஞ்சேகாலுக்கே வந்துட்டு, பால் வாங்கத்தானே போனே?" என்றான் கணவன் வெண்டல். "பால் எங்க? மில்வாக்கி போயும் உன் மறதி போகலை."

கிண்டல் என்று நினைத்தாள். அடுப்பில் அவள் செய்யும் உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயது மகள் ஹேசலின் பள்ளித் தாளில் லார்னாவின் கையெழுத்து இருந்தது; அவள் போட்டதல்ல அது.

மறுநாளும் அப்படித்தான். லார்னா சீக்கிரம் வீடு சேரப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் லாரிகளை முந்தினாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மணி பார்த்தாள். என்ன முயன்றும் ஆறு மணிக்கு முன்னால் வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்றரைக்கே கிளம்பினாள். ஐந்தேகாலுக்கு அவள் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். யாரும் வரவில்லை. அவளே சூப் வைத்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஹேசல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா இன்னைக்குப் பாடலை?"

"நான் எப்பப் பாடுனேன்?"

"தினமும்தான்," என்று வெண்டல் சிரித்தான். "ஆபீஸ் தூரமாப் போனதுலேர்ந்து நீ ஆளே மாறிட்டே. நல்லாத்தான் இருக்கு."

லார்னா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அவள் ஒருநாளும் பாடியதில்லை.

ஆறேகாலுக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஹேசல் முகம் மலர எழுந்து, கதவைத் திறக்க ஓடினாள்.